கடலுக்குள் வேலை... கரையிலேயே கொள்ளை!

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி ஒரு நடை போனால் போதும். சுவரிலும் கரண்ட் கம்பத்திலும் ஆட்டோவின் முதுகிலும் ஒட்டியிருக்கிற நோட்டீஸ்களைப் படித்தாலே இந்தத் தலைமுறையின் கனவு என்னவென்று தெரிந்துவிடும். "கடலில் ஆயில் ரிக் வேலை. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பி.இ. எதுவானாலும் சரி. அனுபவம் தேவையில்லை. சம்பளம் லட்சத்தில். சாப்பாடு, தங்குமிடம் இலவசம்." கீழே ஒரு செல்போன் எண். முகவரி மட்டும் இருக்காது.

முகவரி இல்லாத அந்த எண்ணை நம்பித்தான் அவினாசியிலும் பல்லடத்திலும் பெருந்துறையிலும் தோட்டத்துப் பத்திரம் அடகுக்குப் போகிறது. அம்மாவின் நகை பேங்குக்குப் போகிறது. மாமன் சீட்டு எடுத்துக் கொடுக்கிறார். இரண்டு லட்சமோ நான்கு லட்சமோ கைமாறுகிறது. பையன் மும்பைக்கு ரயில் ஏறுகிறான். மூன்று மாதம் கழித்து அதே ரயிலில் திரும்பி வந்து, கணபதியில் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் வேலைக்குச் சேர்கிறான். கடலைப் பார்த்தானா என்று கேட்டால், பார்த்தானாம்... மெரைன் டிரைவில் உட்கார்ந்து!

சிரிக்கிற விஷயமல்ல இது. கடன் வாங்கிய குடும்பம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடலாம். கடல் ரிக்கில் முதல் வேலை என்பது விலைக்குக் கிடைக்கும் பொருள் அல்ல. அதை விற்பதாக யார் சொன்னாலும் அவர் விற்பது வேறு எதையோ.

ரிக் தெரியாத ஊரா இது?

இதில் வேடிக்கை என்னவென்றால், ரிக் என்ற சொல் கொங்கு நாட்டுக்குப் புதிதே அல்ல. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இந்தியாவில் அபூர்வம். பள்ளிக்கூடத்துப் பையனுக்குக்கூட கம்ப்ரசர், ராடு, பிட் என்றால் என்னவென்று தெரியும்.

அந்த ஊரில் போய்க் கேட்டுப் பாருங்கள். மூன்று நாள் வகுப்பில் உட்கார்ந்து ஒரு சான்றிதழ் வாங்கி வந்த பையனை எந்த ரிக் முதலாளியாவது லீவர் பக்கம் நிறுத்துவாரா? நிறுத்தமாட்டார். முதலில் ராடு தூக்க வேண்டும். கிரீஸ் போட வேண்டும். ராத்திரி ஒரு மணிக்கு ஓஸ் வெடித்தால் ஓட வேண்டும். வருஷக்கணக்கில் இதையெல்லாம் பார்த்த பிறகுதான் டிரில்லர் என்ற பெயர். ஆயிரம் அடி தண்ணீர்க் கிணற்றுக்கே இந்தக் கதை.

எண்ணெய்க் கிணறு என்பது கிலோமீட்டர் கணக்கு. தண்ணீர் போரில் காற்றை அழுத்தி உடைத்த கல்லை வெளியே தள்ளுகிறார்கள். எண்ணெய்க் கிணற்றில் சேறு போன்ற ஒரு கலவையை உள்ளே செலுத்திச் சுற்றவிடுகிறார்கள். அந்தக் கலவையின் எடைதான் பூமிக்கடியில் இருக்கும் வாயுவையும் எண்ணெயையும் மேலே சீறவிடாமல் அழுத்திப் பிடிக்கிறது. அந்தப் பிடி நழுவினால் என்ன ஆகும் என்பதற்கு 2010 ஏப்ரல் 20 சாட்சி. மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் வெடித்து 11 பேர் செத்தார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு "அனுபவம் தேவையில்லை" என்று ஒருவர் ஆள் எடுக்கிறார் என்றால், ஒன்று அவருக்கு ரிக் தெரியாது, அல்லது அவரிடம் வேலை கிடையாது. திருச்செங்கோட்டில் நம்பாத கதையை மும்பை என்றவுடன் மட்டும் நம்புவது எப்படி?

ஹெல்மெட்டை விற்று லைசென்ஸ் என்கிறார்கள்

ஏஜென்ட் விற்கிற முதல் சரக்கு சான்றிதழ். அதில் பிரபலமானது போசியட். ஓபிட்டோ என்ற அமைப்பு வகுத்த பாடத்திட்டம் அது. பெரும்பாலும் மூன்று நாள். ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்து கவிழ்ந்தால் எப்படி வெளியே வருவது, கடலில் எப்படி மிதப்பது, தீயை எப்படி அணைப்பது, முதலுதவி... இவ்வளவுதான். சேருவதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை. உடல் தகுதி இருந்தால் போதும்.

அதாவது, இந்தச் சான்றிதழ் ஒருவருக்கு வேலை தெரியும் என்று சொல்வதில்லை. ஆபத்து வந்தால் தப்பிக்கத் தெரியும் என்று மட்டும்தான் சொல்கிறது. தலைக்கு ஹெல்மெட் மாதிரி. ஹெல்மெட் வாங்கிவிட்டேன், லாரி ஓட்ட வேலை கொடு என்று நாமக்கல்லில் கேட்டால் என்ன சொல்வார்கள்?

இதற்கு ஆயுள் நான்கு வருஷம். வேலை இல்லாமல் கையில் வைத்திருந்தாலும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். காலாவதி ஆகிவிட்டால் மறுபடி முழுப் பயிற்சி, மறுபடி முழுச் செலவு. வேலைக்கு ஆள் எடுத்த நிறுவனம் "வா" என்று சொன்ன பிறகு செய்ய வேண்டியதை, யாரும் கூப்பிடாதபோதே செய்யவைப்பதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். கூடவே என்.டி.டி., பைப்பிங், க்யூ.ஏ.-க்யூ.சி. என்று தாளுக்கு மேல் தாள். ஃபைல் கனக்கிறது, பை காலியாகிறது.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. "குளத்தில் இறங்க வேண்டாம் தம்பி, பேரும் போட்டோவும் கொடுத்தால் சான்றிதழ் வந்துடும்" என்று சொல்லி விற்கப்படும் போலிகள். நேரம் மிச்சம் என்று பையனும் வாங்கிக்கொள்கிறான். இது பணமோசடி மட்டும்தானா? 2022 ஜூன் 28 அன்று மும்பைக்கு அப்பால் கடலில் ஒன்பது பேரோடு ஒரு ஹெலிகாப்டர் ரிக்குக்குப் பக்கத்தில் தண்ணீரில் இறங்கியது. நான்கு பேர் இறந்தார்கள். ஐந்து பேர் பிழைத்தார்கள். குளத்தில் தலைகீழாகக் கவிழ்த்துப் பழக்குவது இப்படிப்பட்ட நிமிஷத்துக்காகத்தான். போலிச் சான்றிதழ் வாங்குகிறவன் நிறுவனத்தை ஏமாற்றவில்லை. தன் உயிரைத் தானே ஏமாற்றிக்கொள்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறது?

"ஏனுங்க, இந்தக் காலத்துல காசு குடுக்காம எந்த வேலைங்க கிடைக்குது?" என்பது டீக்கடையில் வழக்கமாக வரும் பதில். சரி, சட்டத்தையே பார்ப்போம்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிறவர், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்தவர்கூட வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. அவ்வளவுதான். இரண்டு லட்சம், நான்கு லட்சம் என்பதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. யார் பதிவு செய்தவர் என்பதை அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் எவரும் பார்க்கலாம்.

கப்பல் மாலுமியாகப் போவது என்றால் கதை வேறு. அதற்கு ஆள் எடுப்பவரிடம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் கொடுத்த ஆர்.பி.எஸ்.எல். உரிமம் இருக்க வேண்டும். இந்தியா 2015இல் ஏற்றுக்கொண்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கவே கூடாது. பாஸ்போர்ட், கடலோடிப் புத்தகம், மருத்துவச் சான்று, இவற்றின் செலவு மட்டும்தான் அவருடையது.

இந்தியக் கடலில் வேலை என்றால் இந்த இடைத்தரகரே தேவையில்லை. ஓ.என்.ஜி.சி. பொறியாளர்களை எடுப்பது அறிவிப்பு வெளியிட்டு, கேட் மதிப்பெண்ணிலோ தேர்விலோதான். அந்த நிறுவனத்தின் பெயரில் உலவும் போலி நியமனக் கடிதங்களைப் பற்றி அதுவே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் "உள்ளே ஆள் இருக்கு" என்பவரிடம் பணம் கொடுப்பதை என்னவென்று சொல்வது?

இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், அரசின் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். அங்கே வேலை ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள். பத்தாவது தேறியவருக்கு அந்த அனுமதி தேவையில்லை. படித்தவன், தன்னைத்தானே பார்த்துக்கொள்வான் என்ற நம்பிக்கை. விளைவு என்ன? டிப்ளமோவும் பி.இ.யும் படித்தவனின் ஒப்பந்தத்தை விமானம் ஏறும் முன் பொதுவாக எந்த அதிகாரியும் பார்ப்பதில்லை. "இப்போ விசிட் விசாவுல போங்க, அங்க போய் மாத்திக்கலாம்" என்று சொன்னால் தடுக்க ஆளில்லை. 2022இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர்கள் படிக்காதவர்கள் அல்ல.

"முதல் போடாமல் லாபம் ஏது?"

கொங்கு நாட்டுக்காரரிடம் எடுபடுகிற வாதம் இது. ஏஜென்ட்டுக்கும் அது தெரியும். "இதைச் செலவுன்னு நினைக்காதீங்க, முதலீடுன்னு நினைச்சுக்குங்க" என்பார். வியாபாரம் தெரிந்த மண் அல்லவா, உடனே தலையாட்டும்.

சரி, வியாபாரமாகவே பேசலாம். பழைய லாரி ஒன்றை வாங்கப் போகிறவர் என்ன செய்வார்? ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டுவார். எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ், ஃபைனான்ஸ் பாக்கி எல்லாம் பார்ப்பார். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போய் இன்ஜின் சத்தத்தைக் கேட்கச் சொல்வார். நாலு பேரிடம் விசாரிப்பார். அதற்குப் பிறகும் அட்வான்ஸ் மட்டும் கொடுத்து ரசீது வாங்குவார். அதே மனுஷர், மகனின் வேலைக்கு லாரி அட்வான்ஸைவிடப் பெரிய தொகையை ரசீது இல்லாமல், பதிவு எண் கேட்காமல், ரிக்கின் பெயர்கூடத் தெரியாமல் எடுத்துக் கொடுக்கிறார். இதுவா முதலீடு?

முதலீடு என்றால் சந்தை நிலவரமும் தெரிந்திருக்க வேண்டும். ரிக் வேலை எண்ணெய் விலையோடு ஏறி இறங்குவது. 2014 நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் முப்பது டாலருக்குக் கீழே போனது. ரிக் படம் போட்ட விளம்பரத்தைப் பார்த்து 2012இல் பெட்ரோலியம் இன்ஜினியரிங் சேர்ந்த பையன் வெளியே வந்தது சரியாக 2016இல்! உலகமெங்கும் ரிக்குகளை ஓரங்கட்டிக்கொண்டிருந்த நேரம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, உலகக் கடல்களில் ரிக் நடத்திய ஆபன் ஆஃப்ஷோர் நிறுவனமே அந்தச் சரிவில் கடன் சுமை தாங்காமல் தள்ளாடியது. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. 2024இல் சவூதி அராம்கோ இருபதுக்கும் மேற்பட்ட ஜாக்-அப் ரிக்குகளை நிறுத்திவைத்தது. ஒரு ரிக் நின்றால் முதலில் இறங்குவது யார்? கடைசியாக ஏறியவன். இதை எந்த நோட்டீஸாவது சொல்கிறதா?

சம்பளத்தில் ஆபத்தும் சேர்த்தி

லட்சத்தைச் சொல்கிறவர்கள் எதற்காக அந்த லட்சம் என்பதைச் சொல்வதில்லை. 2005 ஜூலை 27. மும்பை ஹை நார்த் மேடை. கையில் அடிபட்ட ஒரு சமையல்காரரைச் சிகிச்சைக்காக மேடைக்கு மாற்ற ஒரு துணைக் கப்பல் நெருங்கியது. மழைக்காலத்துக் கொந்தளிப்பில் கப்பல் மேடையின் குழாயில் மோதியது. எரிவாயு கசிந்து தீப்பிடித்தது. இரண்டே மணி நேரத்தில் மேடையே இல்லை. 22 பேர் போனார்கள்.

2021 மே 17, டவ்தே புயல். அதே மும்பை ஹை பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த பி-305 என்ற பார்ஜ் மூழ்கியது. அதில் இருந்தவர்கள் 261 பேர். அதிலும், கூடவே மூழ்கிய வரப்பிரதா என்ற இழுவைப் படகிலும் சேர்த்து இறந்தவர்கள் 86 பேர். பார்ஜில் இருந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள்: வெல்டர், ஃபிட்டர், பெயின்டர், சமையல் ஆள். "கடலில் முதல் வேலை" என்று தேடிப் போகிறவன் போய் நிற்கும் இடமும் பெரும்பாலும் அதுதான். நோட்டீஸில் இருக்கும் பளபளக்கும் ரிக் அல்ல, அதற்குப் பக்கத்தில் மிதக்கும் பார்ஜ்.

பயந்து வீட்டில் உட்காரச் சொல்லவில்லை. கடலுக்குப் போகிறவன் தெரிந்து போகட்டும். தன் முதலாளி யார், ஒப்பந்ததாரர் யார், இன்சூரன்ஸ் யார் பெயரில், புயல் வந்தால் யார் இறக்குவார்கள், இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போகட்டும். ஏஜென்ட்டுக்குக் காசு கொடுத்து ஏறியவன் இந்தக் கேள்விகளைக் கேட்கமாட்டான். கடன் அவன் வாயை அடைத்திருக்கும். லஞ்சம் கொடுத்து வாங்கிய வேலையின் மிகப் பெரிய ஆபத்து இதுதான். பணம் போனது மட்டுமல்ல, "முடியாது" என்று சொல்லும் உரிமையும் கூடவே போய்விடுகிறது.

பிறகு எப்படித்தான் போவது?

ரிக்குக்கு வழி கடலில் தொடங்குவதில்லை, தரையில் தொடங்குகிறது. ரிக் என்பது நடுக்கடலில் நிற்கும் ஒரு பட்டறை. அங்கே வெல்டர் வேண்டும், எலக்ட்ரீஷியன் வேண்டும், டீசல் இன்ஜின் மெக்கானிக் வேண்டும், கிரேன் ஆபரேட்டர் வேண்டும். இவர்கள் எல்லோரும் உருவாகிற ஊர் கோயம்புத்தூர்! பம்பும் மோட்டாரும் மட்டுமா? எண்ணெய், எரிவாயுத் துறைக்குப் போகிற வால்வுகளும் இங்கே தயாராகின்றன. குறிச்சி சிட்கோவிலும் பீளமேட்டிலும் இரண்டு மூன்று வருஷம் நேர்மையாக வேலை பழகி, அனுபவக் கடிதத்தோடு போகிறவனுக்குக் கிடைக்கும் மரியாதை, மூன்று நாள் சான்றிதழ்க்காரனுக்குக் கிடைக்காது.

வெல்டிங் என்றால் திருச்சி எவ்வளவு தூரம்? பெல் வளாகத்தில் 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. குழாயைச் சாய்த்து வைத்துச் சுற்றிலும் பற்றவைக்கும் சிக்ஸ்-ஜி சோதனையில் தேறியவனை ஏஜென்ட் தேடி வருவான். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களுக்கு ஓ.என்.ஜி.சி.யின் அப்ரண்டிஸ் அறிவிப்புகள் வருகின்றன, காரைக்கால் உட்பட. உதவித்தொகை குறைவுதான். ஆனால் அங்கே பணம் வருகிறது, போவதில்லை. துளையிடும் வேலைதான் வேண்டும் என்பவருக்குக் குஜராத், ராஜஸ்தான், அசாம் என்று தரை ரிக்குகள் இருக்கின்றன. வெளிநாடு என்றால் தமிழ்நாடு அரசே 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது.

இந்த வழி மெதுவானது. "அடுத்த மாசம் ஃப்ளைட்" என்று இதில் யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் இடையில் எந்தக் கட்டத்தில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும். அடுத்த வழியில் நடுவில் நின்றால் இருப்பது கடன் மட்டும்.

கல்லூரிகளுக்கும் ஒரு கேள்வி. கருத்தரங்கு என்ற பெயரில் ஏஜென்ட்டை மேடை ஏற்றி, பொன்னாடை போர்த்தி, மாணவர்களை வரிசையாக உட்காரவைப்பது நியாயமா? பேச வந்தவரின் பதிவு எண் என்ன என்று பிளேஸ்மென்ட் ஆபீசர் ஒரு தடவையாவது கேட்டதுண்டா? அழைக்க வேண்டுமானால் ரிக்கில் பத்து வருஷம் உழைத்துத் திரும்பிய ஒருவரை அழையுங்கள். திருச்செங்கோட்டு டிரில்லர் ஒருவரை அழைத்தாலும் பரவாயில்லை, அவர் பொய் சொல்லமாட்டார். ஏமாந்து திரும்பிய மாணவனும் வெட்கப்பட்டு ஒளிந்துகொள்ள வேண்டாம். அவன் வாய் திறக்காததுதான் அடுத்த பேட்ச்சுக்கு விளம்பரம்.

கடைசியாக ஒன்று நண்பர்களே. போர் போடுவதற்கு முன்னால் தோட்டத்துக்காரர் என்ன செய்கிறார்? உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காடு முழுக்க நடந்து, நீரோட்டம் எங்கே என்று பார்க்கிறார். பலிக்கிறதோ இல்லையோ, அவ்வளவு ஜாக்கிரதை. தண்ணீருக்காகத் தேங்காய் வைத்துப் பார்க்கிற மண்ணில், பிள்ளையைக் கடலுக்கு அனுப்பும் முன் ஒரு பதிவு எண்ணைத் தட்டிப் பார்க்கக் கூடாதா?